செவ்வாய்க்கிழமைக்காரி

மார்ச் 14, வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் மாடி ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்த மாயாஜாலக் கார்ட்டூன் தொடரின் கடைசி அத்தியாயத்துக்கு டப்பிங் தொடங்கியது.

பேச வந்தவளைக் கட்டடத்தில் எல்லோரும் ‘கடலரசி’ என்றே கூப்பிட்டார்கள். தொடரில் அவள் குரல் கொடுத்த ராணியின் பெயர் அது. ராணிக்கு உயிருக்கு உயிரான தோழி சிறகி. சிறகிக்குக் குரல் கொடுப்பவள் செவ்வாய்க்கிழமை வந்து தனியாகப் பேசிவிட்டுப் போவாள். வியாழனன்று கடலரசி அதை ஹெட்போனில் கேட்டு, கண்ணாடி அறையில் தனியாக நின்று பதில் பேசுவாள். கடலரசி பேசி முடித்ததைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த செவ்வாய் சிறகியின் குரல்காரி தொடர்வாள். மூன்று வருஷத்தில் ஒருத்தியை ஒருத்தி பார்த்ததில்லை. டப்பிங்காரர்களுக்குப் பெயர் போடும் வழக்கமும் இல்லை.

ஒருமுறை சிறகி வசனத்துக்கு நடுவே இருமினாள். கடலரசி வாய்தவறி, “வெந்நீர் குடிடி, கழுதை” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் ட்ராக்கின் வாலில், வசனம் முடிந்தபின் ஓடும் மிச்சப் பதிவில், பதில் இருந்தது: “குடிச்சேன்க்கா. கழுதைக்கு இப்ப பரவால்ல.” அன்றிலிருந்து வசனம் முடிந்ததும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். பழைய என்ஜினியர் கண்டும் காணாமல் விட்டுவைத்து, ஒளிபரப்புக்கு அனுப்பும்போது மட்டும் வெட்டுவார். ஒண்டிக்கட்டையான கடலரசியிடம் ‘சாப்பிட்டியாக்கா?’ என்று கேட்க வாரத்துக்கு அந்த ஒரு குரல்தான்.

போன வியாழன் அவள் கேட்டிருந்தாள்: “இன்னும் ஒரு வாரந்தான்டி. உன் போன் நம்பரைச் சொல்லிட்டுப் போ.”

இன்று சிறகியின் கடைசி வசனம் முடிந்தது. வாலில் ஒன்றுமில்லை.

“சார், இதுக்கப்புறம் ஏதாவது இருக்கா?”

“இல்ல மேடம்,” என்றார் புது என்ஜினியர். “நான் திங்கக்கிழமைதான் சேர்ந்தேன். ட்ராக் பூரா குப்பை. உங்க பக்கம்கூட என்னமோ பேச்சு. அன்னைக்கே எல்லாத்தையும் துடைச்சிட்டேன்.”

அப்படியானால் நம்பர் கேட்டது சிறகியின் காதுக்கே போகவில்லை. வெறும் வாலைக் கேட்டுவிட்டு என்ன நினைத்திருப்பாளோ.

“செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணு கடைசியில ஏதும் சொல்லிச்சா?”

“நாப்பது செகண்ட் பேசினாங்க. வசனமில்லையேன்னு காது கொடுக்கல. வெட்டிட்டேன்.”

“திரும்ப எடுக்க முடியாதா?”

“போனது போனதுதான் மேடம். ஏன், முக்கியமா?”

“இல்ல சார். சும்மா ஊர்க்கதை.”

ராணிக்கு மிச்சமிருந்தது ஒரே வசனம்: “போய் வா.”

“அழுகை தூக்கல் மேடம். ராணி கம்பீரமா அனுப்பி வைக்கணும்.”

மூன்றாவது டேக் ஓகே ஆனது.

அலுவலகத்தில் மேனேஜர் கையை விரித்தார். “ஆர்ட்டிஸ்ட் நம்பரைத் தரக்கூடாதும்மா, ஒப்பந்தத்துலயே இருக்கு. உங்க நம்பரை எழுதி வெச்சிட்டுப் போங்க. அவங்க வந்தா கொடுக்கறேன். ஆனா அவங்களுக்கும் இங்க வேலை முடிஞ்சுபோச்சே.”

அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஏப்ரல் முடியும்வரை அழைப்பு வரவில்லை.