ஏழாம் எண் வில்லை

வைதேகி பட்டறைக் கதவைத் திறந்தால் முதலில் விளக்கைப் போடமாட்டாள். கதவோரச் சுவரில் இருக்கும் மின்பெட்டியைத்தான் பார்ப்பாள். பதினான்கு மாதமாக இதே வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் பார்த்தாள். ரம்ப மெஷினுக்கு உரிய கொக்கியில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி ஓடவில்லை. அப்படியும் அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் மாட்டிவிட்டு உள்ளே போனமாதிரி.

எண் ஏழு. போன வாரம் அவளே அதைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டியிருந்தாள். அதற்கு முந்தின மாதம் ஆங் மோ கியோ ரயில் நிலையத்துக் குப்பைத்தொட்டியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள். யாரோ விளையாடுகிறார்கள், லேசர் மெஷினில் இப்படி ஒரு வில்லை வெட்ட ஐந்து நிமிடம் போதும் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் திரும்பி வரும் வில்லையில் ஒவ்வொரு முறையும் அதே ஓரத்தில் அதே கீறல் இருந்தது.

கழற்றினாள். இந்தத் தடவை தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அப்புறம்தான் விளக்கு.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் வரும் பழைய கடைவீட்டின் மூன்றாவது தளம் அது. கீழே பரோட்டாக் கடை, நடுவில் ஊருக்குப் பணம் அனுப்பும் அலுவலகம், மேலே பட்டறை. சொந்தமாக மெஷின் வாங்க வசதியில்லாத, வாங்கினாலும் அரசின் அடுக்குமாடி வீவக வீட்டில் வைக்க இடமில்லாத நாற்பது பேர் சேர்ந்து சந்தா கட்டி நடத்துகிறார்கள். மர ரம்பம், கடைசல் இயந்திரம், லேசர், தையல் மெஷின் எல்லாம் உண்டு. பாலிடெக்னிக் ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளராக இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் என்பதால் பாதுகாப்புப் பொறுப்பை வைதேகியிடம் கொடுத்திருந்தார்கள்.

பட்டறைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் தலைவர் ஷங்கர். ஜூரோங் கப்பல் தளத்தில் முப்பது வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷினைத் திறந்து உள்ளே கை வைக்கவேண்டியிருந்தால், மின்பெட்டியில் அதன் சுவிட்சைக் கீழே இறக்கி, அதற்கு நேர் கொக்கியில் உங்கள் எண் போட்ட வில்லையை மாட்டவேண்டும். மாட்டியவர்தான் கழற்றலாம். அவர் டீ குடிக்கப் போயிருந்தாலும், தூங்கிப்போயிருந்தாலும், வேறொருவர் தொடக்கூடாது. "டேக் தொங்குதுன்னா உள்ள ஒரு ஆள் இருக்கான்னு அர்த்தம்" என்பார் ஷங்கர். உறுப்பினர்களுக்கு நீல வில்லை. ஒரு நாள் பாஸ் வாங்கி வரும் விருந்தாளிகளுக்கு மஞ்சள்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் விருந்தாளிகள் அதைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கொக்கியைக் கண்டால் சாவி மாட்டுகிறமாதிரி மாட்டிவிட்டுப் பரோட்டா தின்னப் போய்விடுவார்கள், அப்படியே வீட்டுக்கும் போய்விடுவார்கள். ஒரே மாதத்தில் நான்கு முறை நடந்தது. மஞ்சள் வில்லை தொங்கினால் யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்க வைதேகியின் கை பழகிவிட்டது.

ரத்னவேல் மறக்கிறவன் இல்லை. ஜூரோங்கில் கப்பல் தளத் தொழிலாளி. பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஞாயிறுதோறும் தங்கும் விடுதியிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து ஒரு நாள் பாஸ் வாங்குவான். அவன் அறையில் பன்னிரண்டு பேர், பிளக் இரண்டு. இரும்புக் கட்டில்களுக்கு நடுவே மாட்டுகிறமாதிரி, பன்னிரண்டு போன்களைச் செருகி சார்ஜ் போட ஒரு பலகை செய்துகொண்டிருந்தான். பதினான்கு மாதம் முன்பு, அவன் வந்த மூன்றாவது ஞாயிறு, ஒன்பது பள்ளம் வெட்டியாயிற்று. பத்தாவதில் மரத்துண்டு சிக்கி ரம்பம் நின்றது, மின்பெட்டியில் சுவிட்ச் தானாக விழுந்தது. அவன் வந்து பார்த்து, விழுந்த சுவிட்சுக்கு நேரே தன் ஏழாம் எண் வில்லையை மாட்டிவிட்டு, மெஷினின் அடிக்கதவைத் திறந்து கையை விட்டான்.

மின்பெட்டியிலிருந்து பார்த்தால் ரம்பம் தெரியாது, நடுவே தடுப்பு. அந்தப் பக்கமாகக் கடந்துபோன வைதேகி, சுவிட்ச் விழுந்திருப்பதைப் பார்த்தாள். மஞ்சள் வில்லையையும் பார்த்தாள். கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டாள். சுவிட்சைத் தூக்கிவிட்டாள்.

வலது கையில் இரண்டு விரல்.

அறிக்கை எழுதியவளும் அவள்தான். மெஷின் சுவிட்சை அணைக்காமல் விருந்தாளி கதவைத் திறந்தார் என்று எழுதினாள். அது உண்மை. பெட்டிச் சுவிட்சை யார் தூக்கியது என்று தெரியவில்லை என்று எழுதினாள். 'வில்லை மாட்டியதாக விருந்தாளி சொல்கிறார். ஆனால் வில்லை இழுப்பறையில் இருந்தது' என்றும் எழுதினாள். அதுவும் உண்மைதான், அவள் போட்டபிறகு. ஒரு நாள் பாஸ் அத்தோடு நின்றது. கையில் பிடிமானம் இல்லாதவனுக்குத் தளத்தில் வேலை இல்லை என்று ஆயிற்று. ரத்னவேல் ஊருக்குப் போனான். அவனுடைய பலகை, ஒன்பது பள்ளத்தோடும் மூன்று பென்சில் கோட்டோடும், முடியாத வேலைகளின் அலமாரியில் சாய்ந்து நின்றது.

இந்த ஞாயிறு மூன்று மணிக்குப் பட்டறைக் குழு கூடியது. ஐந்து பேர். ஒரு நாள் பாஸைத் திரும்பக் கொண்டுவரலாமா என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சை எடுத்தவள் சிவானி, இருபத்தைந்து வயது, குழுவில் இளையவள்.

"கீழ பாருங்க அங்கிள். சண்டே ஆனா ரோடு முழுக்க ஆளுங்க. புல்லுல உக்காந்திருக்காங்க. மேல இவ்ளோ மெஷின் சும்மா கிடக்கு" என்றாள் சிவானி.

"சும்மா கிடந்தா யார் விரலும் போகாது" என்றார் ஷங்கர்.

மின்வேலை பார்க்கும் அஸ்மத் சிரித்தான். "ஜூவுக்கே டே பாஸ் குடுக்கறாங்க லா. நமக்கு மட்டும் என்ன இவ்ளோ பந்தா?"

"ஜூவுல கூண்டுக்குள்ள கையை விடச் சொல்றாங்களா?"

"ஆனைக்கும் அடி சறுக்கும்னு விட்டுட்டு அடுத்த வேலையப் பாக்கணும் அங்கிள். ஒருத்தன் தப்பு பண்ணான்னு எல்லாருக்கும் கதவைச் சாத்தறதா?"

ஷங்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த ஒருத்தன்தான் எனக்குப் பிரச்சினை, அஸ்மத். காலேஜ் பையன் மறந்தான்னா விட்டுடுவேன். இவன் தளத்து ஆளு. டேங்க்குக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி தினம் டேக் மாட்டறவன். அவனே மாட்டாம கையை விட்டுட்டு, மாட்டினேன்னு பொய்யும் சொன்னான்னா, நான் வேற யாரை நம்பறது? ராத்திரி படுத்தா அதுதான் ஓடுது. முப்பது வருசத்துல ஒருத்தன்கூட அப்படிப் பண்ணி நான் பாக்கல."

பாஸ் வேண்டாம் என்று ஷங்கரோடு, குழுவின் ஐந்தாவது ஆளான தனசேகரனும் கை தூக்கினார். சிவானியும் அஸ்மத்தும் எதிர்ப்பக்கம். எல்லோரும் வைதேகியைப் பார்த்தார்கள்.

"அக்கா, நீங்கதான்" என்றாள் சிவானி.

கைப்பை வைதேகியின் மடியில் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அறிக்கை அப்படியே கோப்பில் தூங்கும், பொறுப்பு அவளிடமே இருக்கும். தடுப்புக்கு அந்தப் பக்கம் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் தகரத்தில் படுகிற சிறிய சத்தம். மற்றவர்கள் திரும்பவில்லை.

"அவர் பொய் சொல்லல" என்றாள்.

"யாரு?"

"ரத்னவேல். டேக் மாட்டியிருந்தார். கழட்டினது நான். சுவிட்சைப் போட்டதும் நான்தான். யாரோ மறந்துட்டுப் போனதுன்னு நெனச்சேன். உள்ள ஆள் இருக்காங்களான்னு போய்ப் பாக்கல. அப்புறம் இழுப்பறைல போட்டுட்டு ரிப்போர்ட் எழுதினேன்."

கீழே பரோட்டாக் கல்லில் கரண்டி கொத்துகிற சத்தம் மட்டும் மேலே வந்தது. அஸ்மத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

ஷங்கர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வைதேகிக்கு லேசாக இருந்திருக்கும். எழுந்து தடுப்பைச் சுற்றி மின்பெட்டிவரை நடந்தார். அங்கேயே நின்றார்.

"இதை யாரு மாட்டினது?"

வைதேகி போய்ப் பார்த்தாள். ரம்பத்துக்கு நேர் கொக்கியில் மஞ்சள் வில்லை, எண் ஏழு, ஆடிக்கொண்டிருந்தது. கைப்பை ஜிப் மூடியபடியே இருந்தது. திறந்தாள். குடை, சாவிக்கொத்து, பயண அட்டை. வேறொன்றும் இல்லை.

"நான் மாட்டல. யார் மாட்டறாங்கன்னும் தெரியாது. பதினாலு மாசமா கழட்டிக்கிட்டே இருக்கேன்."

ஷங்கர் வில்லையை நோக்கிக் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி இறக்கிக்கொண்டார். முதலில் ரம்பத்தருகே போய், குனிந்து, அடிக்கதவுக்குள் எட்டிப் பார்த்தார். மரத்தூள்தான் இருந்தது. பேய்க்குப் பயந்தவர் அல்ல அவர். ஆனால் சட்டம் சட்டம்தான்.

"எனக்கு இதை எடுக்க உரிமையில்ல. உங்களுக்கும் இல்ல. மாட்டினவன்தான் எடுக்கணும். நம்பர் இருக்கா?"

பதிவுப் படிவத்தில் ஊர் நம்பர் இருந்தது. பதினான்கு மாதத்தில் பலமுறை அதைப் போனில் அழுத்தி, பச்சைப் பொத்தானைத் தொடாமல் அழித்தவள் அவள். இப்போது தொட்டாள். நான்காவது மணியில் எடுத்தான். பின்னால் பஸ் ஹாரன், யாரோ சில்லறை கேட்கிற குரல்.

"யாருங்க?"

"சிங்கப்பூர்லேருந்து, தம்பி. பட்டறை வைதேகி."

"அக்காவா? நல்லாருக்கீங்களா?" என்றான் ரத்னவேல். அந்த நலம் விசாரிப்பில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

சொன்னாள். இம்முறை இன்னும் சுருக்கமாக வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருப்பதாகவும், ஷங்கர் சார் பக்கத்தில் நிற்பதாகவும் சொன்னாள். அறிக்கையை இன்றைக்கே மாற்றி எழுதி எங்கெங்கே அனுப்பவேண்டுமோ அங்கே அனுப்புகிறோம் என்று ஷங்கர் சொன்னார். மறுமுனையில் பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு, கிளம்பிப் போயிற்று.

"நான் மாட்டினேன்தானே?" என்றான் ரத்னவேல் கடைசியில்.

"மாட்டினீங்க, தம்பி."

"இல்லக்கா, நானே கொழம்பிப் போய்ட்டேன். கம்பெனில, ரூம்ல, வீட்டுலகூட எல்லாரும் மாட்டாம விட்டுட்டேன்னுதான் சொன்னாங்க. சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஆயிடுச்சு. கண்ண மூடினா அந்தப் பெட்டிகிட்டதான் நிக்கறேன். தெனமும் மாட்டறேன். மாட்டிட்டு மாட்டினேனான்னு திரும்பிப் பாக்கறேன்."

வைதேகி கொக்கியைப் பார்த்தாள். யாரும் தொடாத வில்லை அரை அங்குலம் அந்தப் பக்கம் போய், அரை அங்குலம் இந்தப் பக்கம் வந்தது.

"இப்ப அது இங்க தொங்குது. நீங்க சொன்னாத்தான் எடுப்பேன். எடுக்கட்டுமா?"



"வேணாங்க்கா" என்றான். "தொங்கட்டும். இன்னும் நான் வெளில வரல."

போனை வைத்துவிட்டான்.

ஷங்கர் மேசைக்குத் திரும்பி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பாஸ் குடுக்கலாம்னு சொல்றவங்க" என்று கேட்டுவிட்டு, முதலில் தானே கையைத் தூக்கினார். வைதேகி தூக்கவில்லை. இழுப்பறைச் சாவியையும் தன் நீல வில்லையையும் மேசைமேல் வைத்தாள். யாரும் அவற்றை அவளிடம் திருப்பித் தள்ளவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறுகளில் பட்டறை நிரம்புகிறது. மஞ்சள் வில்லைகள் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவுகின்றன. புதிதாக வருகிறவர்கள் அந்த ரம்பம் ஏன் ஓடுவதில்லை, பழுதா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் படிக்கட்டிலேயே சட்டத்தைச் சொல்லி அனுப்புவது இப்போது வைதேகியின் வேலை. பழுதில்லை என்பாள். உள்ளே ஆள் இருக்கிறார் என்பாள்.