தோடி, இரண்டாம் பதிப்பு

கச்சேரி வட்டின் உறையில் ஞானசம்பந்தம் மட்டும் இருந்தார், நாதசுரமும் கையுமாக. முத்துவடிவு உறையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் தவில்காரர்கள் இருவர், ஒத்து ஊதியவர், மண்டபம் கொடுத்தவர், மைக் செட் கடை என்று எல்லோருக்கும் இடம் இருந்தது. தாளம் போட்டவருக்கும் கீழே, ‘உடன்: முத்துவடிவு’ என்று எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து.

“பரமேஸ்வரா, தோடி என்னுதுன்னு சொன்னியே. படம் போடுதேன், பேரு தனியாப் போடுதேன்னு நீயாத்தானே வந்து சொன்ன?”

பரமேஸ்வரன் செருப்பைத் தேடினான். “அண்ணாச்சிட்ட கேளுங்க அக்கா. அவுக சொன்னபடிதான் செஞ்சிருக்கேன்.”

அண்ணாச்சி என்றால் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் ஞானசம்பந்தம்தான். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: “குடும்பத்துக்குள்ள என்னட்டி ஒன் தோடி, என் தோடி? எல்லாம் நம்ம தோடிதான்.”

நம்ம தோடி! உறையில் மட்டும் நம்ம மூஞ்சி எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பரமேஸ்வரன் தென்காசியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஐந்து வருஷமாக ‘சாரல் விஷன்’ என்று பெயர் வைத்து, பெரிய வித்வான்களின் கச்சேரிகளைப் படம் பிடித்து ப்ளூரே வட்டாகப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறான். இந்தக் காலத்தில் எவன் வட்டு வாங்குதான் என்று சுரண்டையில் இருக்கிற அவன் மாமனாரே கேலி செய்தார். ஆனால் யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் வாங்கினார்கள். அதைப் பார்த்துத்தான் அங்கே திருவிழாக்களுக்கும் ஆள் கூப்பிட்டார்கள். வட்டில் முகம் இருப்பவருக்கு விமான டிக்கெட் வரும். ‘உடன்’ போட்டவருக்கு அண்ணன் மனசு வைத்தால் உண்டு.

போன ஆடியில் குற்றாலத்து மண்டபம் ஒன்றில் அந்தக் கச்சேரி நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஞானசம்பந்தத்துக்கு முகவாதம் வந்து வாய் கோணியிருந்தது. வைத்தியத்தில் கோணல் நிமிர்ந்தது. உதட்டுக்குப் பிடிப்புத் திரும்பவில்லை. கல்யாணி ராகத்தை எப்படியோ ஒப்பேற்றினார். தோடியை எடுத்த இரண்டாவது நிமிஷம் சீவாளி உதட்டில் நிற்காமல் நழுவியது. பக்கத்தில் இருந்த தங்கையிடம் மெல்ல, “ஏட்டி, நீ பிடிச்சுக்கோ” என்றார்.

பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷமாக அண்ணன் மூச்சு வாங்குகிற இடைவெளியை நிரப்புவதுதான் அவள் வேலை. அன்றைக்கு இடைவெளியே இல்லை, முழு ராகமும் அவள் கையில் இருந்தது. நாற்பது நிமிஷம் வாசித்தாள். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்த கூட்டம் எழுந்து போகவில்லை. முடிந்தபோது பெரிய தவில்காரர் தன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் வாழ்க்கையில் ஒரு நாள் உண்டென்றால் அது இதுதான் என்று முத்துவடிவு நினைத்தாள். அதைத்தான் இப்போது உறையோடு சேர்த்து உருவிக்கொண்டார்கள்.

பரமேஸ்வரன் போனபிறகு வட்டைப் போட்டுப் பார்த்தாள். தோடி தொடங்கியதும் திரையில் ஐந்தருவி விழுந்தது. பிறகு தவில், பிறகு கைதட்டல், பிறகு வானம். நடுநடுவே அண்ணனின் விரல்கள், நவரத்தின மோதிரத்தோடு, பெரிதாக.

அந்த விரல்களைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாண வீடியோவில் முக்கியமான கட்டம் கைநழுவிப் போனால், வேறு நேரத்தில் எடுத்ததை வெட்டி ஒட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் கண்டுபிடிக்கவா போகிறார்கள்? பரமேஸ்வரனிடம் எடிட்டிங் பார்க்கும் இத்ரீஸ் இதையும் அப்படியே செய்திருந்தான். காதில் விழுந்தது அவளுடைய தோடி. திரையில் இருந்தது கல்யாணி வாசித்த அண்ணன் விரல். துளையை அரைகுறையாய் மூடி அசைக்க வேண்டிய இடத்தில் விரல் விறைப்பாய்த் தூக்கி நின்றது. நாதசுரம் தொட்டவன் எவனும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவான்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நன்றாக மாட்டட்டும் என்று காத்திருந்தாள். அண்ணனுக்குச் சோறு போடும்போதெல்லாம் உள்ளே ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

இருபத்திரண்டாம் நாள் பரமேஸ்வரன் முகம் வெளிறிப்போய் வந்தான். யாழ்ப்பாணத்து வித்வான் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவன் அதைப் போனில் வைத்துப் படித்தான்: “காது தோடி கேட்கிறது, கண் கல்யாணி பார்க்கிறது. அருமையான தோடி. வாசித்தது யார்?”

முத்துவடிவு அண்ணனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். என் தங்கச்சி என்று சொன்னால், இருபத்தேழு வருஷத்தையும் அந்த நிமிஷமே மன்னித்துவிடுவாள்.

ஞானசம்பந்தம் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, “வட்டுல கோளாறுன்னு எழுதிரு. திருத்தி ரெண்டாம் பதிப்பு வருதுன்னு போட்டுரு” என்றார்.

“விரலுக்கு எங்க போவேன் அண்ணாச்சி? அன்னைக்கு எடுத்ததுல அக்கா கையில வளையலு கெடக்கு, சேலை தெரியுது. புதுசா எடுக்கணும்னா வாசிச்ச பிடி ஒவ்வொண்ணுக்கும் விரலு ஒத்து வரணும்லா. ஒங்களுக்கு வருமா?”

வராது. அது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் மெல்லத் திரும்பி அவள் கைகளைப் பார்த்தார்கள்.

“ஊரு சிரிச்சுரும் முத்து” என்றார் அண்ணன். “இந்த ஒரு தடவ.”

சரி என்றாள். உடனே சரி என்றதில் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. தோடி ஒலிக்கும்போது விரலை மோகன ராகத்தில் ஓட்டிவிடுவாள். அண்ணனை ஏதாவது சொல்லி வெளியே உட்கார வைத்துவிட்டால் இந்தக் கல்யாண வீடியோக்காரர்களுக்கு என்ன தெரியும்? இரண்டாம் பதிப்பும் யாழ்ப்பாணம் போகட்டும். அப்போது என்ன சொல்வார் என்று பார்ப்போம்.

ஐப்பசியில் ஒரு காலை அதே மண்டபத்தில் அதே திரைச்சீலையைக் கட்டினார்கள். “நீ நின்னா எனக்குக் கை ஓடாது” என்று அண்ணனை வாசலுக்கு அனுப்பினாள். வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அண்ணனின் சந்தன நிற ஜிப்பாவைச் சேலைக்கு மேல் மாட்டினாள். முப்பது வருஷம் நாதசுரம் பிடித்த விரல்கள். ஆண் கையா பெண் கையா என்று எவரும் சொல்ல முடியாது. அண்ணன் மோதிரம்தான் தொளதொளவென்றிருந்தது. இத்ரீஸ் உள்பக்கம் நூல் சுற்றி இறுக்கிக் கொடுத்தான்.

“அக்கா, முகம் பிரேம்ல வராது. நீங்க எப்படி வேணா இருக்கலாம்” என்றான், ஆறுதல் சொல்கிற மாதிரி.

ஸ்பீக்கரில் தோடி வந்தது.

மோகனத்துக்கு விரலைத் தூக்கினாள். தூக்கியது தூக்கியபடி நின்றது. வாசிக்கிற கவலை இல்லாமல் அதை இப்போதுதான் கேட்கிறாள். இவ்வளவு நன்றாகவா வாசித்தோம்? இதன் மேல் பொய்விரல் வைக்க மனம் வரவில்லை. பாழாய்ப்போன விரல்கள் தாமாகவே தோடிக்குப் போய்விட்டன. ஒரு அசைவு பிசகவில்லை. நாற்பது நிமிஷமும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகம் பிரேமில் வராததால் அவள் துடைக்கவும் இல்லை.

“ஒரே டேக்!” என்று இத்ரீஸ் கைதட்டினான். பரமேஸ்வரன் வாசலுக்கு ஓடினான். “அண்ணாச்சி, இப்பதான் ஒங்க தோடி முழுசாச்சு.”

ஞானசம்பந்தம் உள்ளே வந்து தங்கையின் முன்னால் கையை நீட்டினார். அவள் மோதிரத்தைக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த நூலை நகத்தால் பிரிக்கப் போனாள்.

“நூலு அப்படியே கெடக்கட்டும்ட்டி” என்றார். “அடுத்த வட்டுக்கும் வேணும்லா.”

வாங்கி விரலில் போட்டுப் பார்த்தார். நூலோடு அது அவருக்கு ஏறவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே போய் வண்டியில் ஏறினார்.