எம் மக வச்ச சங்கு

மூன்றாவது தடவையும் திரையில் அதே பிழைதான் வந்தது. மடிக்கணினியை மூடினேன், திறந்தேன், கட்டளையை எழுத்தெழுத்தாகப் பார்த்து மறுபடி அடித்தேன். இந்தச் சாவியை ஏற்க முடியாது என்றது பெட்டி. பிள்ளைக்காம்பராவின் தகரக்கூரையில் மழை கொட்டிய கொட்டில் என் மூச்சுச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. மணி நாலேகால். மழையென்று அன்று பிள்ளைகளை யாரும் கொண்டுவந்து விடவில்லை. வெறும் தொட்டில் சேலைகள் மட்டும் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும். எங்கள் தேயிலைத் தோட்டம் ஊத்துமலை, கொஸ்லந்தையிலிருந்து மேலே ஏற வேண்டும். ஆறு லயம், ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீட்டு வரிசைகள். ஆறும் மலைச்சரிவுக்குக் கீழேதான். நான் பிறந்தது இரண்டாவது லயத்தில். இப்போது வேலை பதுளையில், ஒரு சின்னச் சங்கத்தின் அலுவலகத்தில், கணினிப் பிரிவு. கணினிப் பிரிவு என்றால் நானும் ஹிஷாமும், அவ்வளவுதான். மண்சரிவு வரும்போல் இருந்தால் லயத்துக்கு லயம் கம்பத்தில் கட்டிவைத்த ஒலிப்பானை ஊதவைப்பது எங்கள் வேலை. தோட்டத்தில் அதை யாரும் ஒலிப்பான் என்று சொல்வதில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டது தொழிற்சாலைச் சங்கு. தொழிற்சாலையை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது, ஆனாலும் சத்தமாய் ஊதுவது எதுவானாலும் எங்கள் ஆட்களுக்குச் சங்குதான்.

போன வருஷம் வரைக்கும் அந்தச் சங்குக்கு உத்தரவு கொடுக்கும் சாவி ஒரு சாதாரணக் கோப்பாகக் கிடந்தது. கதவுச் சாவி இல்லை. நீளமான ரகசிய எண். அது இருந்தால் உத்தரவு செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு போய் மூன்று தடவை ஊதவைத்து வேடிக்கை பார்த்தான். மூன்று தடவையும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சனம் மழையில் ஓடியது. நாலாவது தடவை ஊதியது நாங்கள், நிஜமாக. ஒரு ஆள் எழும்பவில்லை. அன்றைக்கு மலை எங்களை மன்னித்தது. அவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகுதான் நான் பாதுகாப்புச் சில்லுகளைப் பற்றிப் படித்தேன். சாவி சில்லுக்குள்ளேயே பிறக்கும், சில்லுக்குள்ளேயே இருக்கும். பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போக முடியாது. ஆனால் ஒரு சிக்கல். பதுளையில் இருக்கும் பெட்டி மட்டும் உத்தரவு கொடுப்பதானால், மழையில் தொலைபேசிக் கோபுரம் செத்த அன்றைக்கு உத்தரவு மலையேறாது. தோட்டத்திலும் ஒரு பெட்டி வேண்டும், அதற்குள்ளும் அதே சாவி வேண்டும். அதற்கும் வழி இருந்தது. கருப்புத் திரையில் அடிக்கும் ஒரு கட்டளை, பெயர் பாலிசி டூப்ளிகேஷன் செலக்ட். சாவிக்கு நகல் எடுக்கலாம், ஆனால் அந்த நகல் நான் பெயர் சொல்லும் ஒரே ஒரு சில்லுக்குள்தான் போய் உட்காரும். வேறு எதற்குள்ளும் நுழையாது. எந்தச் சில்லு என்பதைச் சாவி பிறக்கும்போதே அதன் தலையில் எழுதிவிட வேண்டும், பிறகு அழிக்க முடியாது. பெயரைக் கேட்டுவிட்டு அப்பா, "என்னா புள்ள இது, ரயில் கணக்கா நீண்டுக்கிட்டே போகுது" என்று சிரித்தார்.

பதுளைப் பெட்டியில் சாவியைச் செய்து முடித்ததும் கோயிலடியில் எல்லாரையும் கூட்டி, படியில் ஏறி நின்று நான் பேசினேன். "இனிமே இந்தச் சங்கு பொய் சொல்லாது. ஊதுனா ஓடுங்க. ஊதலைன்னா நிம்மதியா வீட்டுல இருங்க." கைதட்டினார்கள். கையால் அழுத்தி ஊதவைக்கும் பொத்தானையும் கழற்றச் சொன்னது நான்தான். விளையாட்டுக்குக்கூட யாரும் தொடக்கூடாதாம். அத்தனை நம்பிக்கை எனக்கு என் மேல். அப்பா அன்றைக்கு லயம் லயமாகப் போய், "எம் மக வச்ச சங்கு, எம் மக வச்ச சங்கு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பெட்டியை இங்கே பொருத்தி ஒரு மாதமாகிறது. நகலைக் கொண்டுவந்து ஏற்றுவதுதான் பாக்கி. போன கிழமையே வந்திருக்கலாம்; வரவில்லை. சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை, சோம்பல். மூன்று நாள் விடாத மழை பயங்காட்டியபிறகு இன்று காலை பஸ்ஸைப் பிடித்தேன். நான் கொஸ்லந்தையில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் பின்னால் ரோட்டில் மண் விழுந்து பாதையை மூடிவிட்டார்கள். மூன்று மணிக்குக் கோபுரமும் போனது. இனி பதுளையிலிருந்து ஹிஷாம் தலைகீழாக நின்றாலும் இங்கே சங்கு ஊதாது. இந்தப் பெட்டி ஊதினால் உண்டு.

நாலாவது தடவை தோற்றபிறகுதான் பெட்டியையே நேராகப் பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி அளவில் கருப்பாக, அலமாரிக்குள். மேலே 'கொஸ்லந்த' என்று என் கையெழுத்தில் லேபல். அதற்குக் கீழே காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம். சில்லின் அடையாள எண்ணைக் காட்டும்படி கட்டளை கொடுத்துவிட்டுப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். திரையில் வந்த எண், புத்தகத்தில் 'கொஸ்லந்த' என்ற தலைப்பின்கீழ் இல்லை. அடுத்த பக்கத்தில் இருந்தது, 'வெலிமடை' என்ற தலைப்பின்கீழ்.

ஆயுத பூசை. அலுவலகத்தில் எல்லாவற்றையும் துடைத்து மேசையில் வரிசையாக வைத்தோம், இந்த இரண்டு புதுப் பெட்டிகளையும் சேர்த்து. ஒன்று எங்கள் தோட்டத்துக்கு, மற்றது வெலிமடையில் மரக்கறிக்காரர்களின் சங்கத்துக்கு. அச்சில் வார்த்தமாதிரி ஒரேமாதிரிப் பெட்டிகள். காகித லேபலின்மேல் சந்தனம் பூசினால் ஊறிப்போகும், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று நான் இரண்டு லேபலையும் உரித்தேன். ஹிஷாம் அவலைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னான். "அக்கா, அத உரிக்காதீங்க, மாறிடும்." "போடா, எனக்குத் தெரியாதா" என்றேன். பொட்டு வைத்து, சூடம் காட்டி, பொட்டு காய்ந்தபிறகு ஞாபகத்தில் லேபலை ஒட்டினேன். மாற்றி ஒட்டியிருக்கிறேன். சில்லுகளின் எண்ணைப் பூசைக்கு முன்பே குறித்துவைத்திருந்தேன். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் சாவியின் தலையில் எழுதினேன். எங்கள் தோட்டத்துச் சங்கின் சாவி நுழையக்கூடிய ஒரே சில்லு, இந்த நிமிஷம் வெலிமடையில் லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது.

உடனே வெளியே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். ஏதாவது வழி இருக்கும் என்று மறுபடி மறுபடி அடித்தேன். வழி இல்லாதபடி அதை அடைத்தவளே நான்தான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெளியே போனால் சொல்ல வேண்டும். கோயில் படியில் ஏறிப் பேசியவள், பொட்டு வைக்கிறேன் என்று பெட்டியை மாற்றிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். சீ, அந்த வெட்கத்துக்கு அரை மணி நேரத்தைத் தின்னக் கொடுத்தேன்.

நடுவில் ஒரு தடவை அண்ணி எட்டிப் பார்த்தாள். விஜயலெட்சுமி, என் அண்ணனின் மனைவி. அண்ணன் கொழும்பில், இவள் இரண்டு பிள்ளைகளோடு அப்பாவுடன் இருக்கிறாள்.

"என்னா தனு, சங்கு சரியா இருக்குல்ல?"

"பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணி. கொஞ்சம் இருங்க."

போய்விட்டாள். நான் மழைமானியைப் பார்த்தேன். சங்கை ஊதவைக்க நாங்கள் வைத்திருந்த கோட்டைத் தண்ணீர் எப்போதோ தாண்டியிருந்தது. இரண்டாவது தடவை அவள் வந்தபோது குடைகூட இல்லை. பாவாடை முழங்கால்வரை நனைந்து, கையில் வெறும் குடத்தோடு நின்றாள்.

"பீலித் தண்ணி செம்மண்ணா வருது தனு. காலையில நல்லாத்தான் வந்துச்சு. இப்ப நின்னு நின்னு வருது."

பீலிக்குத் தண்ணீர் மேலே மலை ஊற்றிலிருந்துதான் வருகிறது. ஊற்று கலங்கினால் மேலே மண் அசைகிறது என்று அர்த்தம். கூட்டத்துக்குக் கூட்டம் நானே படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தது.

"பிள்ளைகள கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்க அண்ணி. இப்பவே. ஒண்ணும் எடுக்காதீங்க." பள்ளிக்கூடம் எதிர்ப்பக்க மேட்டில், கல்லின்மேல் இருக்கிறது.

"சங்கு ஊதலையே?"

"போங்கன்னா போங்க!"

முதலாவது லயத்தில் தொடங்கினேன். கதவைத் தட்டினேன், கத்தினேன். மழைக்குள் என் குரல் எனக்கே கேட்கவில்லை, கத்திப் பழகாத படித்த தொண்டை. புவனேந்திரன் கதவைப் பாதி திறந்தான். என்னோடு படித்தவன். உள்ளே அடுப்புப் புகையும் தேத்தண்ணி வாசமுமாகச் சூடாக இருந்தது.

"சங்கு ஊதலையே தனுஜா. நீதானே சொன்ன, ஊதலைன்னா நிம்மதியா இருங்கன்னு? அம்மாவுக்குக் காச்சல். இந்த மழையில எங்க தூக்கிக்கிட்டுப் போறது?"

"அது இல்ல புவனா, இப்ப நானே சொல்றேன்ல..."

"நீ பயந்துட்ட. ஊதட்டும், வர்றோம்." கதவை மெதுவாகத்தான் சாத்தினான். அடுத்த மூன்று கதவிலும் அதே பேச்சு. ஒரு வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். என் வாயால் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அப்பா மாரிசாமி நடுக்காம்பராவில் நாற்காலியில், காதுவரை கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பை, உரச்சாக்கு பொலித்தீனில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், டோர்ச், பிஸ்கட். நான் கூட்டத்தில் சொன்ன அத்தனையும், சொன்ன வரிசையில். சப்பாத்துகூடப் போட்டிருந்தார்.

"வந்துட்டியா. எல்லாம் ரெடி. சங்கு ஊதுனதும் கெளம்ப வேண்டியதுதான்."

"ஊதாதுப்பா."

"மழை இன்னும் கணக்குக்கு வரலையா?"

அழக்கூடாது என்றுதான் நினைத்தேன். "கணக்கு எப்பவோ தாண்டிருச்சுப்பா. சங்குதான் ஊதாது. என் தப்பு. பூசையில லேபல உரிச்சுட்டு மாத்தி ஒட்டிப்புட்டேன். அந்தச் சாவி இந்தப் பெட்டிக்குள்ள போகாது. இனிமே என்ன செஞ்சாலும் போகாது. நான்தான் அப்படிப் பூட்டி வச்சேன். அரை மணி நேரமா தெரியும்ப்பா. வெக்கப்பட்டுக்கிட்டு யாருகிட்டயும் சொல்லல."

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து அந்தப் பையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல. வாங்கன்னு கூப்புட்டேன், யாரும் வரல."

"காரணத்தச் சொல்லாம கூப்புட்டா எவன் வருவான்?" எழுந்தார். "நீ மேட்டுக்குப் போ. வர்ற ஆளுகள எண்ணு."

"அப்பா, நீங்க எங்க..."

அதற்குள் வாசலில் இறங்கிவிட்டார். முப்பது வருஷம் மலையில் நின்று அடுத்த மலைக்குக் கேட்கும்படி ஆள் கூப்பிட்ட தொண்டை அது. முதலாவது லயத்தின் முனையில் நின்று அவர் கத்தியபோது மழையே ஒரு நிமிஷம் அடங்கியதுபோல எனக்குப் பட்டது.

"எம் மக வச்ச சங்கு ஊதாதுய்யா! அவ பெட்டிய மாத்திப்புட்டா! சங்கு ஊதும்னு உக்காந்திருக்காதீங்க! எந்திரிச்சு வெளிய வாங்க!"

மேட்டுப் பாதையில் நின்றுபோனேன். முகம் எரிந்தது. இத்தனை நாள் என் பெயரை லயம் லயமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த மனுஷன், அதே வாசல்களில் நின்று அதே பெயரைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கதவு திறந்தது. இன்னொன்று. முதலில் வந்தது புவனேந்திரன், அம்மாவைக் கம்பளியோடு முதுகில் சுமந்துகொண்டு. என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் போனான்.

பள்ளிக்கூட விறாந்தையில் நின்று எண்ணினேன். முதலாவது லயம் முழுவதும் வந்தது. இரண்டாவது, மூன்றாவது. அண்ணியின் சின்னவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா ஏன் கத்துறாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நாலாவது லயத்தில் இரண்டு வீடு குறைந்தது, கடைசியில் அவர்களும் வந்தார்கள். ஐந்தாவது வந்துகொண்டிருந்தபோது எங்கேயோ மரம் முறிகிற சத்தம் கேட்டது, ஒன்றல்ல, இரண்டு மூன்று. ஒரு பெண் தன் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

"உங்கப்பா ஓடைக்கு அந்தாண்ட போயிட்டாரு" என்றார் ஐந்தாவது லயத்துப் பெரியாயி அக்கா, மூச்சு வாங்க. "கையப் புடிச்சு இழுத்தேன். ஆறாவதுல பதினோரு வீடு இருக்குன்னு உதறிட்டுப் போறாரு."

ஆறாவதுதான் மலைக்கு ஆகக் கிட்ட இருப்பது. மழைப் புகையில் அதன் கூரைகூடத் தெரியவில்லை. கம்பத்தின் உச்சியில் சங்கு மட்டும் வாயைக் கீழே திருப்பிக்கொண்டு தெரிந்தது. அப்பாவின் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அதற்குள்தான் டோர்ச்சும் இருந்தது. அங்கே இருட்டிக்கொண்டு வந்தது.

"எம் மக வச்ச சங்கு ஊதாதுய்யா..." மெலிசாக, ஆனால் நன்றாகக் கேட்டது. ஆறாவதிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு வீடு. மூன்று. ஏழு. நான் சத்தம் போட்டு எண்ணினேன், கூட நின்றவர்களும் என்னோடு சேர்ந்து எண்ணினார்கள். ஒன்பது.

மறுபடியும் மரம் முறிந்தது, இந்தத் தடவை நீளமாக. எல்லாரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம்.

"எம் மக..." என்று வந்தது.

அடுத்த வார்த்தைக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.