டியூப் லைட்டில் பார்த்த பச்சை

டிரைவர் சுடலைமணிக்கு வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல வலித்தது. விடிந்ததிலிருந்து பற்பசையைத் துணியில் தடவிக் கார்க் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான். யாரோ சொன்ன வைத்தியம். கீறல் போகவில்லை. சுற்றியிருந்த இடம் பளபளத்து, கீறலை இன்னும் எடுத்துக் காட்டியது.

தோட்டத்து முதலாளி அஜய் இரண்டு வாரத்துக்கு முன்புதான் கொச்சியில் வாங்கிய வெளிநாட்டுக் கார். கரும்பச்சை. அதன் விலைக்குச் சாந்தன்பாறையில் ஒரு சின்ன ஏலக்காய்த் தோட்டமே வாங்கலாம் என்று காய் உலர்த்தித் தரம் பிரிக்கும் ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள். "நான் வர்ற வரைக்கும் ஷெட்டை விட்டு எடுக்காத மணி" என்று சொல்லிவிட்டு, அவர் நண்பர்களின் வண்டியில் மாட்டுப்பட்டி அணைப் பக்கம் சுற்றுலா போயிருந்தார். சுடலைமணி எடுத்தான். எதற்கும் இல்லை, ஓட்டிப் பார்க்கும் ஆசை. திரும்பி வரும்போது வளைவில் காயெடுக்க ஆள் ஏற்றி வந்த ஜீப்புக்கு ஒதுங்கினான். ஜீப்பின் பின்படி இரும்பு, பின்கதவை ஒரு சாண் நீளத்துக்கு உழுதுவிட்டுப் போய்விட்டது.

இவனுக்கு முன்னால் இருந்த டிரைவர் லாரியை மதிலில் இடித்தான். அந்த வாரமே தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்தான். வேலை போனால் வீடும் போகும், மனைவி மாரீஸ்வரிக்கு ஸ்டோரில் இருக்கிற வேலையும் போகும்.

நாளை சாயங்காலம் முதலாளி வந்துவிடுவார். துணியை எறிந்துவிட்டு, கதவோரத்தில் ஒட்டியிருந்த பெயிண்ட் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பூப்பாறை பெயிண்ட் கடைக்குப் போனான்.

கடை வைத்திருந்த மலையாளி டின்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இதே நம்பர்ல மூணு பச்சை உண்டு சேட்டா. கம்பெனியில கலக்கும்போதே கொஞ்சம் கொஞ்சம் மாறும். வண்டியக் கொண்டு வா, வெச்சுப் பாக்கலாம்."

"வண்டி இங்க வந்தா ஊரே பாக்கும்லா. அதுக்கு நானே மொதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிருவேன்."

"அப்ப மூணையும் எடுத்துட்டுப் போ. தகட்டுல அடி, காய விடு, வெயில்ல பிடிச்சுப் பாரு. ஈரத்துல பாக்காத. வெயில்ல, கேட்டோ?"

வெயிலுக்கு எங்கே போவது? ஆனி பிறந்ததிலிருந்து மலை கோடை வெயிலையே மறந்திருந்தது. மூன்று தகட்டில் அடித்து, ஏலக்காய் உலர்த்தும் அறையின் சூட்டுச் சுவரில் சாய்த்துக் காயவைத்தான். மறுநாள் காலையில் கதவோரம் பிடித்துப் பார்த்தால், மூடுபனியில் மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தன.

"ஏ புள்ள, இங்கன வா. எது சேரும்னு சொல்லு."

மாரீஸ்வரி ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். "வெளிய நின்னு என்னத்தப் பாக்கீங்க? வண்டிய ஸ்டோருக்குள்ள விடுங்க, லைட்டுக்குக் கீழ பாப்போம். காயின்னாலும் அப்பிடித்தான பாக்கோம்."

காரைப் பின்னால் நகர்த்தித் தரம் பிரிக்கும் மேசையோரம் நிறுத்தினான். நீளமான டியூப் லைட்டுக்குக் கீழே அவள் தகடுகளை ஒவ்வொன்றாகக் கதவில் வைத்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"இது மஞ்சளோடுது. இது வெளிறிப் போச்சு. இந்தா, இதுதான். ஒட்டி வச்சா பிரிச்சுச் சொல்ல முடியாது."

"நல்லாப் பாத்தியா?"

"நாள் பூரா பச்சையப் பாத்துக் கண்ணு பூத்தவகிட்ட கேக்குத கேள்வியா இது? சாவியத் தொடும்போது இந்த நெதானம் எங்க போச்சு?"

அவன் கீறலை உப்புத்தாளால் நயமாகத் தேய்த்து, சுற்றிப் பேப்பர் ஒட்டி, பூவில் தண்ணீர் தெளிப்பதுபோல அந்தப் பச்சையை அடித்தான். மேலே வார்னிஷும் அடித்தான். லைட்டுக்குக் கீழே கதவு இன்று பிறந்த பிள்ளைபோல நின்றது. அப்போதுதான் பசி தெரிந்தது. ஆறிப்போன கப்பைக் கிழங்கை நின்றபடியே தின்றான்.

சாயங்காலம் அஜய் வந்தார். பனிக்குள் காரைச் சுற்றி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. சுடலைமணி மூச்சு விட்டான்.

மறுநாள் காலை மலை துடைத்துவிட்டதுபோல வெளுத்தது. காரை வாசலில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தவனுக்கு உயிரே இல்லை. பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு மயில் கழுத்து நீலம். லைட்டில் ஒன்றாகத் தெரிந்தது வெயிலில் இரண்டாகப் பிரிந்து நின்றது. அவன் போய் அதன்மேல் சாய்ந்துகொண்டான்.

காப்பி டம்ளரோடு அஜய் படியிறங்கி வந்தார். "தள்ளு மணி."

தள்ளினான். அவர் குனிந்து விரலால் தடவினார். "என்ன இது, நீலமா இருக்கு?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. "மறுபெயிண்ட்! அடிபட்ட வண்டிய ஒட்டுப்போட்டுப் புதுசுன்னு என் தலையில கட்டியிருக்கானுங்க. நீ கழுவுறப்பக்கூட பாக்கலையா?"

"மழையில... தெரியல சார்."

அவர் அங்கேயே நின்று ஷோரூமுக்குப் போன் போட்டார். "வண்டியக் கையில குடுத்தது உங்க சுதீப்தானே? அவன் இனி அங்க இருக்கக் கூடாது."

சுதீப்பைச் சுடலைமணிக்குத் தெரியும். நல்லேப்பிள்ளி ஊர்க்காரன். வண்டி எடுக்கப் போன அன்று முதலாளியை விட்டுவிட்டு இவனைத்தான் முன்சீட்டில் உட்காரவைத்து, ஒவ்வொரு சுவிட்சாகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். போன் நம்பரைக் கொடுத்து, இவன் நம்பரையும் வாங்கிக்கொண்டான்.

மத்தியானம் அந்த நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஏனுங்கண்ணா, நான் சுதீப்புங்க. நான் குடுக்கறப்ப நீங்களும் சுத்திப் பாத்தீங்கல்லங்க, கதவு நல்லாத்தானே இருந்துச்சுங்க? என்னை ஊட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்கண்ணா. சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதுங்க."

"பாக்கேன் தம்பி."

"நீங்க சொன்னா கேட்பாருங்கண்ணா."

"பாக்கேன்."

ஸ்டோர் வாசலிலிருந்து மாரீஸ்வரி கேட்டாள்: "யாருங்க போன்ல?"

"டவர் இல்ல" என்றான்.

வீடும் வேலையும் அவனிடமே இருந்தன. கதவைக் கீறியது நான்தான் என்ற ஒரு வார்த்தை, நல்லேப்பிள்ளி சுதீப்புக்கு அவன் கொடுக்க வேண்டிய பாக்கி. அதை இன்னும் கொடுக்கவில்லை.