உள்சுவருக்கு வாச்மேன் இல்லை

சண்பகவடிவின் கருப்பைக்கு ஒரு வாச்மேன் இருந்தார். எல்லாப் பெண்களுக்கும் உண்டு, இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இவளுடைய ஆள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். என்ன அநியாயம் பாருங்கள்.

சாயம் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கருப்பையின் உள்சுவரில் கிள்ளி எடுத்த சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிச் சாயம் விடுவார்கள். வாச்மேன் இருக்கிற இடம் பழுப்பாகும். வடிவின் சதையில் நடுவே ஒரு திட்டு, பழுப்பே ஏறாமல் நின்றது.

பரிசோதனைக்கூடத்து டாக்டரம்மா லூர்துமணி விவரம் சொன்னார். ஓடிப்போன ஆள் ஒரு மரபணு. பேர் பீட்டென். செல்கள் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. அவர் போனதும் செல்கள் இஷ்டத்துக்கு அறை கட்டுகின்றன. இது புற்று இல்லை, அதற்கு முந்தின ஸ்டாப். கருப்பையையே எடுத்துவிடலாம். இல்லையென்றால் மூன்று மாதம் மாத்திரை போட்டு, சுவர் திருந்துகிறதா என்று மறுபடி கிள்ளிப் பார்க்கலாம்.

வடிவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு பிள்ளை, ஒன்றே ஒன்று போதும் என்று ஏங்கிக் கிடக்கிறவள். அவளிடம் போய் எடுத்துவிடலாம் என்றால்?

உள்ளே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். டாக்டரம்மா கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்தார்.

"செருப்பைக் கழட்டிட்டுப் போங்க."

கண்ணாடிக்குள் நடக்க நடக்க நடைபாதை நீண்டது. பாதி வழியில் கணவன் ஆதிமூலம் நின்றான். காத்திருந்து காத்திருந்து எடை மெஷினாகியிருந்தான். வடிவு ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு கிலோ. சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினாள்.

உள்ளே அறைக்கு அறை இடைவெளியே இல்லை. ஒரு விரல் நுழையாது. ஒரே ஒரு இடம் காலி செய்து கொடுங்களேன் என்று செல்களிடம் கெஞ்சினாள். நிறுத்தச் சொல்லி யாரும் வரவில்லையே என்றன. நியாயமான பேச்சுதான். கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

வாசலில் வாச்மேனின் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. தொப்பி ஆணியில் தொங்கியது. வடிவு தொப்பியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மாத்திரையை விழுங்கினாள். நிறுத்துங்கள் என்றாள். சில செல்கள் நிறுத்தின. சில அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு பெண் குழந்தை வந்தது. அச்சு அசல் ஆதிமூலத்தின் காது.

"உள்ள இடம் இருக்கா?"

ஒன்பது வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தாள். வேறு பதில் சொன்னாள்.

"இப்ப இல்ல கண்ணு. மூணு மாசம் கழிச்சு வா."

"அப்பவும் இல்லன்னா?"

வடிவு ஸ்டூலுக்கடியில் கிடந்த நோட்டை எடுத்தாள். காவலுக்கு உட்கார்ந்தால், வந்தவர் பேரைக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும். அதுதான் முறை. அவள் கேட்கவில்லை. பேர் தெரிந்துவிட்டால் உள்ளே விட்டுவிடுவாள்.

குழந்தை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வடிவு எழுந்து கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் மேல் வைத்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.