மே மாதத்தைத் தின்றவர்

வெடுரியாவின் வெங்காயம் சொன்னால்தான் அந்தத் தெருவில் ஆறு வீட்டுக்காரர்களும் மண்வெட்டியைத் தூக்குவார்கள். வானொலியில் வரும் வானிலை அறிக்கைக்கு அந்த மரியாதை கிடையாது. அதைப் படிக்கிறவர்கள் மலைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை என்பது தெருவின் கருத்து.

ஆண்டின் கடைசி இரவில் அவள் பன்னிரண்டு வெங்காய மடல்களை ஜனவரி முதல் டிசம்பர் வரை பலகையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை உப்புப் போடுவாள். விடிந்ததும் எந்த மடலில் நீர் கோத்திருக்கிறதோ அந்த மாதம் மழை. இந்த வருஷம் மே மடல் சுக்காகக் காய்ந்து கிடந்தது. ஆகவே தக்காளி நாற்றுகளை ஓடைப் பள்ளத்தில் நடுவது, தண்ணீர் சுமக்கும் வேலை மிச்சம் என்று தீர்ப்பாகிவிட்டது. மே மழை மாதமாகிவிட்டால் அதே பள்ளத்தில் ஆறு வீட்டு நாற்றும் மூன்றே நாளில் அழுகிப்போகும்.

அந்த மடல் காய்ந்தது நிஜம்தானா என்று சந்தேகப்பட்டவர் ஒருவர்தான். அவர்தான் மே மாதத்தைத் தின்றவர்.

லியோன்டின், வெடுரியாவின் கணவர். அன்று இரவு அவரிடம் ரொட்டி இருந்தது, உப்பிட்ட பன்றிக்கொழுப்பு இருந்தது, வெங்காயம்தான் இல்லை. பலகையிலோ பன்னிரண்டு இருந்தன. விடியும் நேரத்தில் பயம் வந்து, நிலவறைக்கு இறங்கி ஒரு வெங்காயம் எடுத்துவந்து, அதன் மடலில் உப்புத் தூவி ஐந்தாவது இடத்தில் வைத்தார். சற்று நேரத்தில் வெடுரியா வந்து பார்த்துவிட்டாள். அதற்குள் ஒரு மடல் நீர் விடுமா, விடாதா? நான்கு மாதமாக அந்தக் கேள்வி அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் கடைசி நாள். காலையில் வெயில், பத்து மணிக்கு ஆலங்கட்டி, பத்தேகாலுக்கு மறுபடியும் வெயில். தெருவே ஓடைக்கு நாற்றுச் சுமந்தது. லியோன்டின் விறகுக் கொட்டகையில் ஒரு மடலில் உப்பைப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் கழற்றி வைத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிஷம் ஆகியும் லேசான பளபளப்புதான்.

“யோவ் மனுஷா, ஊரே மண்ணைக் கொத்துது. நீ இங்க வெங்காயத்துக்கு நாடி பாக்குறியா?”

வாசலில் வெடுரியா. கையில் மண்வெட்டி.

கைவசம் பொய் எதுவும் இல்லாததால் அவர் உண்மையைச் சொன்னார். “மே மாசத்த நான் தின்னுட்டேன்டி. நீ பாத்தது டூப்ளிகேட்டு.”

அவர் மண்வெட்டியையே பார்த்தார். அவளோ கிட்டே வந்து வெங்காயத்தின் மேல் குனிந்தாள்.

“தின்னப்போ தண்ணி இருந்துச்சா?”

“என்னது?”

“மடல்லதான்யா. ஈரமா இருந்துச்சா, காஞ்சிருந்துச்சா?”

“நல்லா நின்னுச்சே. ரொட்டியால துடைச்சுல்ல தின்னேன்.”

“எத்தனை துண்டு ரொட்டி?”

“ரெண்டு.”

“ரெண்டா!” என்றாள். “பக்கத்துல ஜூன் எப்படி இருந்துச்சு?”

“அத நான் எதுக்குப் பாக்கப்போறேன்?”

“திங்க மட்டும் தெரியும்.”

அவள் ஓடைக்கு ஓடினாள். “நிறுத்துங்க! மே மழைதான். எம்புருஷன் தின்னே பாத்துட்டாரு!”

விஷயம் முழுதும் தெரிந்ததும் தெரு லியோன்டினைச் சூழ்ந்துகொண்டது.

“பாதி நட்டாச்சேக்கா,” என்றான் எதிர்வீட்டு ஒக்டாவ். பிறகு அவர் பக்கம் திரும்பி, “அண்ணே, அன்னிக்குக் குடிச்சிருந்தீங்களா?”

“கொஞ்சம் பாலிங்காச் சாராயம்.”

“கொஞ்சம்னா? சாட்சி தெளிவா இருக்கணும்ல?”

“தெளிவாத்தான் இருந்தாரு,” என்றாள் வெடுரியா. “ஒண்ணு ரெண்டாத் தெரிஞ்சிருந்தா ரெண்டையும்ல தின்னிருப்பாரு!”

சாட்சி செல்லும் என்று தெரு தீர்மானித்தது. நட்ட நாற்றைப் பிடுங்கி, மேட்டுச் சரிவில் பாறையைப் பெயர்த்துப் பாத்தி கட்ட ஆரம்பித்தார்கள். மூன்று மணிக்கு வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சட்டைகள் வேலிக்குப் போயின. கல்லை வீசும் ஒவ்வொருவரும் முதலில் வானத்தைப் பார்த்தார்கள், அப்புறம் லியோன்டினை.

லியோன்டினும் அண்ணாந்துதான் நின்றார். ஒரு மேகமாவது வராதா?

“குனிஞ்சு கல்லப் பொறுக்குயா,” என்றாள் வெடுரியா. “நாளைக்குத்தான மே.”