குமிழி வந்த பொட்டலம்

அலைபேசியை வைத்த கையோடு அனுசியா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஏட்டி யோகி, கெளம்பு! கெடைச்சிருச்சு!"

"என்னட்டி கெடைச்சிருச்சு? சொல்லிட்டுக் குதி" என்றாள் யோகேஸ்வரி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். மதுரையில் ஒன்றாக மருந்தியல் படித்து, ஐதராபாத்தில் மருந்துக் கம்பெனிகளின் தரப்பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவர்கள். போன வருடம்தான் ஊர் திரும்பி, 'மருந்துத் தர ஆலோசகர்கள்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். இதுவரை வந்ததெல்லாம் சின்னச் சின்ன வேலைகள். இன்று அழைத்தது ஒரு பன்னாட்டு நிவாரண அமைப்பு.

எங்கோ ஒரு தீவு நாட்டைப் புயல் புரட்டிப் போட்டிருந்தது. குடிநீர் கெட்டுக் காலரா பரவிக்கொண்டிருந்தது. அங்கே அவசரமாக வேண்டியது ஓ.ஆர்.எஸ். பொடி. வயிற்றுப்போக்கில் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் மீட்டுக் கொடுப்பது. அதை ராஜபாளையத்துக் கம்பெனி ஒன்றில் அமைப்பு வாங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். அதற்குள் சரக்கைச் சோதித்து, அனுப்பலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியது இந்த இருவர். நைரோபியிலிருந்து பேசிய வாஞ்சிரு என்ற அதிகாரி, "உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது" என்று சொல்லியிருந்தாள்.

"நம்ம கையெழுத்தா?" யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கம்மாட்ட சொன்னா நம்பவே மாட்டா."

கண்ணாடி ஜாடியையும் சின்ன பம்ப்பையும் பையில் திணித்துக்கொண்டு, மழைக்கோட்டை மாட்டியபடி ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். ஐப்பசி மழை முகத்தில் அடித்தது. மேற்கே மலை தெரியவே இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த யோகேஸ்வரி வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். அனுசியாவுக்குப் பாதி காதில் விழவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

ராஜபாளையத்தைத் தாண்டி, தளவாய்புரம் போகும் வழியில் இருந்தது கம்பெனி. முதலாளி சங்கிலிப்பாண்டி வாசலுக்கே வந்து நின்றார். பேண்டேஜ் துணி நெய்யும் குடும்பத்தில் பெண் எடுத்து, மச்சினன் முத்துவீரனோடு சேர்ந்து சத்திரப்பட்டியில் தொழில் செய்தவர். பிறகு தனியாகப் பிரிந்து வந்து இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்.

"வாங்க மேடம், வாங்க. எல்லாம் ரெடி. லாரி நாளைக்கே வந்துரும். நம்ம சரக்கு கடல் தாண்டிப் போவுதுன்னு ஊரு பூராச் சொல்லிட்டேன்" என்றார். அவர் முகத்திலும் அதே துள்ளல்.

பொடி கலக்கும் அறை சுத்தமாக இருந்தது. ஆய்வக அறிக்கைகளில் குறை இல்லை. எடை சரி. கரைத்துப் பார்த்ததில் உப்பின் அளவும் சரி. யோகேஸ்வரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பிறகு கிடங்குக்குப் போய், அடுக்கிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெட்டிகளை இறக்கச் சொன்னார்கள்.

மூன்றாவது பெட்டியில் ஒரு பொட்டலத்தை எடுத்த அனுசியாவின் விரல்கள் நின்றன. பொடி சரசரக்கவில்லை. கத்தரித்துக் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது ஒரே கட்டியாக மேசையில் விழுந்து 'டக்' என்றது.

சங்கிலிப்பாண்டி சிரிக்கப் பார்த்தார். "மழைக்காலம்லா மேடம். ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும்."

அடுத்த பெட்டியிலும் இருந்தது. அதற்கடுத்ததில் இல்லை. அதற்குப் பிறகு மறுபடி இருந்தது.

"காத்து உள்ள போயிருக்கு. எப்படிப் போச்சுன்னு பாப்போம்" என்றாள் யோகேஸ்வரி. அவளுடைய குரலில் பயம் இல்லை. வேட்டைக்குக் கிளம்பியவளைப்போல இருந்தாள்.

ஜாடியில் தண்ணீர் ஊற்றி, பொட்டலங்களை முக்கி, மேலே எழாமல் ஒரு தட்டை வைத்து மூடினார்கள். பம்ப்பை ஓட்டினால் ஜாடிக்குள் இருக்கும் காற்று வெளியேறும். பொட்டலத்தில் ஓட்டை இருந்தால், அதற்குள் அடைபட்ட காற்று குமிழியாகக் கிளம்பும். பம்ப் உறுமியது. பொட்டலங்கள் உப்பின. எல்லோரும் குனிந்து ஜாடியையே பார்த்தார்கள்.

ஒரு மூலையிலிருந்து நூல் பிடித்ததுபோல் குமிழிகள் ஏறின.

"வருது! ஏட்டி, வருது பாரு!" யோகேஸ்வரி மேசையைத் தட்டினாள்.

"எங்கிருந்துட்டி வருது? ஓரத்துலயா?"

"ஓரத்துல இல்ல... எழுத்துலருந்து வருது!"

பொட்டலத்தின் மேல் காலாவதித் தேதி மையில் அச்சிடப்படவில்லை. இரும்பு எழுத்துகளை அழுத்திப் பதித்திருந்தார்கள். அனுசியா அதைக் கத்தரித்துக் காலி செய்து, உறையை விளக்குக்கு எதிரே பிடித்தாள். தேதியின் கடைசி எண்ணின் முனையில் ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி வெளிச்சம். அடுத்ததை எடுத்தாள். அதே இடம், அதே புள்ளி.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கினார்கள். பிறகுதான் சங்கிலிப்பாண்டியின் முகத்தைப் பார்த்தார்கள்.

மிஷின் ஓட்டும் பரிபூரணத்தைக் கூப்பிட்டு விசாரித்ததில் விஷயம் விளங்கியது. மாதிரியில் தேதி மங்கலாகத் தெரிகிறது, அழுத்தமாகப் பதியுங்கள் என்று ஆர்டரின்போது நிவாரண அமைப்பே கேட்டிருந்தது. அதற்காகப் புது எழுத்துகள் வாங்கி மாட்டியிருந்தார்கள். புது இரும்பின் கூர்முனை உறையைத் துளைத்துவிட்டது.

"அவிய கேட்டதத்தானே செஞ்சேன்?" சங்கிலிப்பாண்டியின் குரல் ஏறியது. "இப்ப அம்புட்டையும் கழிச்சுப் போடணுமா? எல்லாத்துலயுமா ஓட்டை? கட்டியானா என்ன, ஒடைச்சுக் கரைச்சுக் குடிக்கட்டும். மருந்து மருந்துதானே?"

"இல்லண்ணாச்சி" என்றாள் அனுசியா. "ஒரு தாய் ராவோட ராவா இதப் பிரிக்கா. கல்லா இருக்கு. பாதி கரையுது, பாதி கரையல. பிள்ளைக்குப் போவ வேண்டிய உப்பு போவாது. நல்லது எது, கெட்டது எதுன்னு அவ எப்படிக் கண்டுபிடிப்பா? இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனா உங்க பொடி தங்கம் மாதிரி இருக்கு. ஒறைதான் கெட்டுச்சு. புதுசாப் போட்டா போச்சு."

அவர் வெளியே போய் மழையைப் பார்த்து நின்றார்.

அனுசியா வாஞ்சிருவை அழைத்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முதல் பெரிய வேலையிலேயே கப்பலை நிறுத்தப்போகிறோமோ என்று அனுசியா பயந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள் நல்ல பொட்டலம் எவ்வளவு தர முடியும்?" என்று கேட்டாள் வாஞ்சிரு. "பாதி வந்தாலும் போதும். மீதியை அடுத்த கப்பலில் ஏற்றுங்கள். ஓட்டைப் பொட்டலம் மட்டும் வேண்டாம்."

அனுசியா வாசலுக்கு ஓடினாள். "அண்ணாச்சி! பாதி போதுமாம்! அழுத்தாம, மையிலயே தேதி போடுத மிஷின் ஒண்ணு கெடைச்சா இன்னைக்கே ஓட்டிரலாம். பக்கத்துல யார்ட்டயாவது இருக்கா?"

"இருக்கு" என்றார் அவர். "முத்துவீரன்ட்ட இருக்கு. கட்டுத்துணிப் பாக்கெட்டுக்குப் பேட்ச் நம்பர் அடிக்கதுக்கு வச்சிருக்கான்."

"அப்பக் கேளுங்களேன்!"

"பிரிஞ்சதுலருந்து பேச்சுவார்த்த இல்ல தாயி. அவன் மகளுக்குக் காது குத்துனதுக்குக்கூட நான் போவல."

தகரக்கூரையில் மழை கொட்டியது. பிறகு சங்கிலிப்பாண்டி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடி, மனசு மாறுவதற்குள் என்பதுபோலச் சட்டென்று அழுத்தினார்.

"மாப்ள, நாந்தான்... ம்... நல்லா இருக்கேன். ஒரு ஒதவி வேணும்டா. ஒன் நம்பர் அடிக்க மிஷின் வேணும்."

அவ்வளவுதான் அவர் பேசியது. மற்றதெல்லாம் எதிர்முனையில் பேசிய பேச்சு. போனை வைத்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "கழட்டிக்கிட்டு இருக்கேன்னுட்டான். எதுக்குன்னு கேக்கவே இல்ல."

ஒரு மணி நேரத்தில் ஒரு லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. தார்ப்பாய்க்குள் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முத்துவீரனே உட்கார்ந்திருந்தான். மிஷின் நனையவில்லை. அவன்தான் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான்.

"எங்க வைக்க அத்தான்?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப்பின் கம்பெனியே தலைகீழானது. ஓட்டை உறைகளின் சரக்கெல்லாம் சிவப்புப் பட்டி ஒட்டித் தனி அறையில் பூட்டப்பட்டது. புதிதாகக் கலந்த பொடி ஈரம் வாங்காமலிருக்க யோகேஸ்வரி ஈரப்பதமானியை வைத்துக்கொண்டு கதவருகே காவல் நின்றாள். மிஷினை மாட்டும் தாங்கியை எந்தப் பக்கம் முடுக்குவது என்று அத்தானும் மாப்பிள்ளையும் ஸ்பேனரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டார்கள். "நீ எப்பவும் இப்படித்தாம்லே!" என்று ஒரு சத்தம். "நீங்க மட்டும் என்னவாம்?" என்று இன்னொரு சத்தம். பரிபூரணம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

முதல் வரிசைப் பொட்டலங்கள் தேதியோடு வெளியே விழுந்தன. எழுத்துகள் கறுப்பாக, தெளிவாக இருந்தன. அனுசியா அவற்றை அள்ளிக்கொண்டு ஜாடிக்கு ஓடினாள். பம்ப் உறுமியது. பொட்டலங்கள் உப்பின. எல்லோரும் மறுபடி குனிந்தார்கள்.

தண்ணீர் அசையாமல் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாரு" என்றாள் யோகேஸ்வரி.

இழுத்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. பரிபூரணம்தான் முதலில் கைதட்டினாள். அப்புறம் கிடங்கிலிருந்தவர்கள்கூட ஓடிவந்து தட்டினார்கள். எதற்கென்று அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

சோதனை அதோடு முடியவில்லை. ஒவ்வொரு மணிக்கும் பொட்டலங்கள் ஜாடிக்குள் போயின. இடையில் ஒருமுறை உறையை ஒட்டும் சூடு குறைந்து ஓரத்தில் குமிழி வந்தது. மிஷினை நிறுத்தி, அந்த நேரத்துச் சரக்கைத் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினார்கள். வியாழன் பொழுது சாய்வதற்குள் ஆர்டரில் பாதிக்கும் சற்று மேலேயே தேறியது. அனுசியா கையெழுத்திட்டாள்.

லாரியில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருக்கையில், "இம்புட்டுப் பாடுபட்டோமே, எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்" என்றான் முத்துவீரன். பரிபூரணம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றைக் கரைத்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள்.

முத்துவீரன் முகத்தைச் சுளித்தான். "என்னத்தான் இது, இனிப்பும் இல்ல, உப்பும் இல்ல?"

"சரியா இருக்குன்னு அர்த்தம்" என்று யோகேஸ்வரி தன் டம்ளரை ஒரே மடக்கில் முடித்தாள்.

மீதி சரக்கு அடுத்த கப்பலில் போனது. மூன்று வாரம் கழித்து, அனுசியா வன்னியம்பட்டியில் அம்மா வீட்டு வயலில் இருந்தபோது வாஞ்சிருவிடமிருந்து செய்தி வந்தது. பொட்டலங்கள் முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பிரித்துப் பார்த்ததில் எல்லாமே பொடியாக இருந்தன. அடுத்து மாத்திரைக் கம்பெனி ஒன்றையும் நீங்களே பார்க்க வேண்டும். அனுசியா வரப்பிலேயே நின்று அதை இரண்டு தடவை படித்தாள். யோகேஸ்வரிக்குப் போன் போட்டுக் கத்திச் சொல்லிவிட்டு, சங்கிலிப்பாண்டியை அழைத்தாள்.

எடுத்தது முத்துவீரன்.

"அத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ மேடம். எங்க வீட்டுலதான். செத்த இருங்க, கையக் கழுவிட்டு வரச் சொல்லுதேன்."

"கழுவ வேண்டாம்" என்றாள் அனுசியா. "அப்படியே ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாருக்கும் சொல்லணும்!"